வேம்புலித் தோட்டத்து வண்டுகள்

பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு பூச்சிப் பெட்டி ஒப்படைக்க வேண்டும். குண்டூசியில் குத்திய வண்டுகளும் ஈக்களும், ஒவ்வொன்றின் கீழும் அது பிடிபட்ட இடத்தைச் சொல்லும் சீட்டும். பூச்சிக்கு மார்க் தனி, சீட்டுக்கு மார்க் தனி.

எனக்கு மயிலாப்பூரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அரிசி டின்னில் அரிசி வண்டு, பாசிப்பயறில் பயறு வண்டு, கறுத்த வாழைப்பழத்தில் பழ ஈ, கொல்லைத் தென்னையடியில் காண்டாமிருக வண்டு. கொல்வதில்தான் சிக்கல். அம்மா அரிசியை மொட்டை மாடி வெயிலில் கொட்டுவாள். வண்டுகள் தாமாக நடந்து வெளியேற வேண்டும். "ஆத்துல உயிரைக் கொன்னு ஊசில குத்திண்டு உக்காராதே, மாளவிகா" என்று சொல்லிவிட்டாள். வெயிலில் அது சாகாதா என்று கேட்டால் முறத்தை எடுத்துக்கொண்டு மாடியேறிவிடுவாள்.

அதனால் பாட்டிலில் உயிரோடு அடைத்து, என் பெஞ்சுக்காரி கயலின் வீட்டுக்கு எடுத்துப் போவேன்; கொல்வதும் குத்துவதும் அங்கேதான். அடையாற்றங்கரையில், வேம்புலித் தோட்டம் என்ற குடிசைப் பகுதியில் இருந்தது அது. அவள் அப்பா மீன் விற்கிறவர். கூடையைச் சுற்றிப் பச்சை ஈ, எருமைக் கொட்டகையில் சாணி வண்டு, கொடுக்காப்புளி மரத்தில் பொன்வண்டு, குட்டையில் நீர் வண்டு. அவள் பெட்டியில் முக்கால்வாசி அந்த ஒரே இடத்துச் சீட்டுதான். அரிசி வண்டை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டாள். "வண்டு வர்ற வரிக்கும் எங்கூட்ல அரிசி எப்ப மிஞ்சிச்சு?" என்று சிரித்தாள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் புல்டோசர் வந்து தோட்டத்தைத் தரைமட்டமாக்கியது. எல்லாரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். பெட்டி காலேஜ் லேபில் இருந்ததால் தப்பியது. கயல் இரண்டு பஸ் மாறி வந்து படித்தாள். முதல் வகுப்பு வாங்கினால்தான் எம்.எஸ்ஸி.க்கு உதவித்தொகை, அது இல்லாமல் அவளால் மேலே படிக்க முடியாது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் பெட்டியின் முன் நின்றுவிட்டார். அவர் அடையாறுக்காரராம், சீட்டில் இருந்த வேம்புலித் தோட்டம் என்று ஓர் இடமே கேள்விப்பட்டதில்லையாம். இப்போது அது இல்லை என்றாள் கயல். இல்லாத இடத்தில் யார் போய் இந்தப் பூச்சியைத் தேடுவது, வெறுமனே அடையாறு என்று மாற்றி எழுது, இல்லாவிட்டால் சீட்டு மார்க் கிடையாது என்று பேனாவை நீட்டினார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சீட்டே இன்னொருத்தர் தேடிப் போவதற்குத்தான். எழுதித் தொலையேன் என்று நான் அவள் காலை மிதித்தேன்.

கயல் பேனாவை வாங்கவில்லை.

"வண்டு அங்கியேதான் கீது சார். எங்களத்தான் காலி பண்ணாங்க."

அவர் சீட்டு மார்க்கை அடித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அந்த மார்க்கில்தான் முதல் வகுப்பு போயிற்று.

அன்று கயல் பெட்டியை மூடி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். எனக்குத்தான் ஆத்திரத்தில் அழுகை வந்தது.