நாத்தனார் போட்ட மதிப்பெண்

ஊசிக்காரம்மாவுக்கு அந்தப் பெயர் வந்தது ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான். காலையில் கதவு திறந்ததும் வரிசையாக வருவார்கள், சட்டைக் கையைச் சுருட்டுவார்கள், கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சை வைத்து அழுத்தியதும் எழுந்து போய்விடுவார்கள். வருஷக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்திவிட்டுக் கணவனிடம் சொன்னாள்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுற ஆளுங்க மத்தியில வேலை செய்யணும்ங்க. நான் டீச்சர் ஆகப்போறேன்."

கணவன் லிப்ட் மெக்கானிக். 'பசங்களும் ஜன்னல் பக்கம்தானே திரும்பி உக்காருவாங்க' என்று வாய் வரைக்கும் வந்தது. அதை ஒரு வாய்ச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "நல்ல யோசனை" என்றான். நல்லதை மட்டும் வெளியே விட்டு மற்றதை விழுங்குவது அவன் சுபாவம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் பெரிய சண்டை வராததற்கு அவனுடைய ஜீரண சக்திதான் காரணம்.

ஆசிரியர் ஆவது அவள் நினைத்ததுபோல் இல்லை. அறிவியல் பட்டம் இருந்தது. அது போதாது, பயிற்சிப் படிப்பு வேண்டும் என்றார்கள். மாலை வகுப்பில் சேர்ந்து படித்தாள். தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். குழந்தை உளவியல் தாள் முதல் தடவை காலை வாரிவிட்டது. அந்தப் புத்தகத்தில் குழந்தைகள் எல்லாரும் படிநிலைகளாகவே இருந்தார்கள், ஒருத்தனுக்குக்கூட மூக்கு ஒழுகவில்லை. இரண்டாம் தடவை மனப்பாடம் செய்து தாண்டினாள். உடல் தகுதிச் சான்றுக்காக அவளுக்கே ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கூட வேலை பார்த்தவள் ஊசியோடு வந்தபோது, ஊசிக்காரம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நன்னடத்தைச் சான்றுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவளைப் பார்த்ததுமே தன் முழங்கையைப் பொத்திக்கொண்டார். போன மாதம் அவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியிருந்தாள். இருந்தாலும், "நல்லவங்கதான், கொஞ்சம் விடாப்பிடி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. அங்கீகாரம் பெற்ற ஒரு பள்ளியில், ஒரு மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்த வேண்டும். அவர் பாதியில் ஒரு மதிப்பெண் போடுவார், முடிவில் ஒரு மதிப்பெண் போடுவார். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார். இதில் தேறினால்தான் சான்றிதழ்.

ஒதுக்கீட்டுப் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இருந்த மூத்த ஆசிரியரின் பெயரைப் படித்தவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அது அவளுடைய நாத்தனார், கணவனின் சொந்த அக்கா.

நாத்தனாரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை நின்று போய் நாலைந்து வருஷம் இருக்கும். காரணம் ஒரு கொட்டாவி. நாத்தனாருக்குச் சிறந்த ஆசிரியர் விருது கொடுத்த விழாவில், ஏற்புரை இருபதாவது நிமிஷத்தைத் தாண்டியபோது, முன்வரிசையில் இருந்த ஊசிக்காரம்மாவுக்குக் கொட்டாவி வந்தது. சரியாக அந்த நொடியில் புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தினார். பள்ளியின் ஆண்டு மலரில், மேடையில் கை உயர்த்தி நிற்கும் நாத்தனாரும், கீழே கடைவாய்ப் பல் வரை தெரிய அண்ணாந்து கிடக்கும் தம்பி மனைவியும் ஒரே படத்தில் அரைப் பக்கத்துக்கு வந்தார்கள்.

பள்ளியை மாற்றிக் கேட்டு பயிற்சி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் காரணம் கேட்டார்.

"அவங்க எனக்கு நாத்தனார் சார்."

எழுத்தர் படிவத்தைப் புரட்டினார். "உடல்நலம், தூரம், பிரசவம். மூணுதான் இருக்கு. நாத்தனார்னு ஒரு காரணம் இதுல இல்லம்மா."

ஆக, ஏழாம் வகுப்பு. நாத்தனார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். ஊசிக்காரம்மா பாடம் நடத்துவாள். மணி அடித்ததும் இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுவார்கள். வகுப்புக்குப் பிறகு கலந்து பேச வேண்டும் என்பது விதி. நாத்தனார் விதியை மீறாதவர். அதனால் தினமும் சாயங்காலம் தம்பிக்கு போன் செய்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிடுவார்.

முதல் நாள் நாத்தனார் சொன்னது இது: "போர்டப் பாத்துக்கிட்டே பேசுறாடா. பசங்களுக்கு அவ முதுகுதான் தெரியுது. பாடம் நடத்துறது அவளா, முதுகா?"

லிப்ட் மெக்கானிக் போனை வைத்தான். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவாம் உங்க அக்காவுக்கு?"

அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தான். வழக்கம்போல விழுங்கினான். "போர்டுல ரொம்பக் கவனமா எழுதுறியாம்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா?"

"பின்ன, நானா சொல்றேன்?"

மறுநாள் அவள் இன்னும் கவனமாக எழுதினாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கலர் சாக்பீஸில், ஒரு தடவைகூடத் திரும்பாமல் எழுதினாள். அன்று சாயங்காலம் அக்காவின் குரல் ஒரு படி ஏறியிருந்தது. "கேள்வியும் அவளே கேக்குறா, பதிலும் அவளே சொல்றா. பசங்க எதுக்கு வந்தாங்க, காத்து வாங்கவா?"

மனைவிக்கு அது இப்படி வந்து சேர்ந்தது: "உனக்குத் தெரியாத பதிலே இல்லையாம்."

கேள்வி வாயை விட்டு வெளியே வருவதற்குள் பதிலும் வந்துவிட வேண்டும் என்று அவள் வேகத்தைக் கூட்டினாள். இன்னொரு நாள், "கடைசி பெஞ்சுக்கு ஒரு எழவும் கேக்கல" என்றார் நாத்தனார். அது "உன் குரல் ரொம்ப சாந்தமா இருக்காம்" என்று ஆனது. அவள் இன்னும் சாந்தமானாள். பையன்கள் காதில் கையைக் குவித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நம் பாடத்தில் இவ்வளவு ஆர்வமா என்று அவளுக்குக் கண் கலங்கியது.

அந்தப் பக்கத்துக்கும் செய்தி போனது. "அண்ணிக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்று மனைவி சொன்னதை, அப்படியே சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று, "எல்லாத்தையும் திருத்திக்கிறேன்னு சொன்னா அக்கா" என்று மாற்றிச் சொன்னான். திருத்திக்கொள்கிறேன் என்கிறாள், மறுநாள் அதையே இரண்டு மடங்காகச் செய்கிறாள். நாத்தனாருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது.

பாதிப் பருவ மதிப்பெண் வந்தது. பயிற்சிக்கு வந்தவர்களிலேயே கடைசி இடம் அவளுக்குத்தான். கீழே நாத்தனாரின் கையெழுத்தில் ஒரு வரி: 'அறிவுரைகளுக்கு நேர் எதிராகச் செயல்படுகிறார். வேண்டுமென்றே செய்வதாகத் தோன்றுகிறது.'

ஊசிக்காரம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். நாத்தனார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றி இருந்த நாலு ஆசிரியர்களும், காத்திருந்த காட்சி வந்துவிட்டது என்று பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"மூஞ்சிக்கு நேரா ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணுன்னு நீங்க இருப்பீங்கன்னு நான் நெனக்கல அண்ணி."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். "மூஞ்சியா? உன் மூஞ்சியையே நான் இந்தப் பருவத்துல பாக்கல. முதுகத்தான் பாக்குறேன்."

"கவனமா எழுதுறேன்னு பாராட்டுனது நீங்கதானே?"

"நான் பாராட்டுனேனா?"

"எனக்குத் தெரியாத பதிலே இல்லன்னு சொன்னீங்க. குரல் சாந்தமா இருக்குன்னீங்க. அதையெல்லாம் நம்பித்தானே நான் அப்படியே செஞ்சேன்?"

நாத்தனார் சிவப்புப் பேனாவின் மூடியை மெதுவாகப் போட்டார். "போனப் போடு" என்றார்.

லிப்ட் மெக்கானிக் அப்போது ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். "ரெண்டு மாடிக்கு நடுவுல இருக்கேன், அப்புறம் பேசட்டுமா?" என்றான்.

"நல்லதாப் போச்சு. ஓட முடியாது பாரு," என்றார் அக்கா. "காத்து வாங்கவான்னு நான் கேட்டதுக்கு நீ அவகிட்ட என்ன சொன்ன?"

அவன் லிப்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாதுன்னுதான்..."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்," என்றாள் மனைவி. அவள் குரல் கடைசி பெஞ்சையும் தாண்டி வராந்தா வரை கேட்டது.

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு சத்தம் வருமா உனக்கு? இத வகுப்புக்குக் கொண்டு வர வேண்டியதுதானே."

அன்றிலிருந்து நேரடிப் பேச்சு. நேரடி என்றால் ஒளிவு மறைவு இல்லாத நேரடி. ஒரு வாரம் சாக்பீஸைத் தொடவே கூடாது என்றார் நாத்தனார். கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையாவது வாயைத் திறக்கும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். ஊசிக்காரம்மா முதல் நாள் நின்ற நிற்பில் அவளுக்கு வியர்த்துவிட்டது. வகுப்பு அவளைப் பார்த்தது, அவள் வகுப்பைப் பார்த்தாள். கடைசியில் ஒரு பெண் பொறுக்க மாட்டாமல், "டீச்சர், உங்களுக்கு மறந்துடுச்சா, நான் சொல்லட்டுமா?" என்று எழுந்தாள். பதில் தப்பு. ஆனால் அதைத் திருத்த இன்னொரு பையன் எழுந்தான், அவனை மறுக்க இன்னொருத்தி எழுந்தாள். பாடம் தானாக நடக்க ஆரம்பித்தது.

தேர்வாளர் வரும் நாளுக்கு அவள் கப்பிப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாள். கற்பித்தல் கருவி செய்து கொடுக்கும் பொறுப்பு, பிராயச்சித்தமாக, கணவன் தலையில் விழுந்தது. அட்டையும் நூல்கண்டும் போதும் என்றுதான் கேட்டாள். அவன் இரும்புச் சட்டம், மேலே மூன்று கீழே மூன்று உருளைகள், தடித்த கயிறு, மணல் மூட்டை என்று வேனில் கொண்டு வந்து இறக்கினான். வகுப்பறைக்குள் அதை நகர்த்த உடற்பயிற்சி ஆசிரியரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

தேர்வாளர் ஒல்லியான மனிதர். அந்த வாரம் பார்த்த எல்லா வகுப்பிலும் இதயத்தின் நான்கு அறைகளையே பார்த்து நொந்து போயிருந்தார். மூட்டையைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாத்தனார் அவர் பக்கத்தில். மேற்பார்வை ஆசிரியர் அன்று வாயே திறக்கக் கூடாது என்பது விதி.

வகுப்பிலேயே சின்னப் பெண் ஒருத்தி வந்து கயிற்றை இழுத்தாள். அவளைவிடக் கனமான மூட்டை ஆடிக்கொண்டே மேலே போனது. வகுப்பு கைதட்டியது. அடுத்து, இருப்பதிலேயே பலசாலி நான்தான் என்று ஒரு பையன் வந்து வேகமாக இழுத்தான். மூட்டை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

பாடத் திட்டத்தில் இப்படி ஒரு கட்டம் இல்லை. ஊசிக்காரம்மாவின் கை தானாகச் சாக்பீஸைத் தேடியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்:

"ஏன் நின்னுடுச்சு?"

அமைதி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இதற்கு மேல் பொறுக்க நாத்தனாரால் முடியவில்லை.

"கயிறு பாரு, அந்த ரெண்டாவது..."

"பின்னால யாரு அது?" என்றாள் ஊசிக்காரம்மா. "பேசணும்னா கையைத் தூக்கணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முப்பது தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. சிறந்த ஆசிரியர் விருது வாங்கிய நாத்தனார், அந்தப் பள்ளியே நடுங்கும் நாத்தனார், ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும். "தூக்கியே வைங்க. மொதல்ல பசங்க சொல்லட்டும்," என்றாள்.

பெரிய டீச்சரே கையைத் தூக்கிவிட்டார் என்றதும் வகுப்பு முழுக்கக் கைகள் முளைத்தன. கயிறு கனமாயிடுச்சு என்றான் ஒருவன். உருளைக்கு எண்ணெய் இல்லை என்றாள் ஒருத்தி. அந்தச் சின்னப் பெண் ஸ்டூல்மேல் ஏறிப் பார்த்து, "டீச்சர், கயிறு பள்ளத்த விட்டு வெளிய வந்து சிக்கிக்கிச்சு. அவன் கோணலா இழுத்தான்," என்றாள். நேராக இழுத்தால் ஏன் பள்ளத்தில் நிற்கிறது, கோணலாக இழுத்தால் ஏன் நழுவுகிறது என்று பேச்சு அங்கிருந்து ஓடியது. மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நாத்தனாரின் கை இன்னும் மேலேயே இருந்தது.

வகுப்பு கலைந்ததும் தேர்வாளர் மதிப்பெண் தாளை நிரப்பினார். "வகுப்புக் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று நாத்தனார் தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்களையே அடக்கிட்டாங்களே டீச்சர். முழுசாப் போட்டுட்டேன்."

அடுத்து நாத்தனார் போட வேண்டிய மதிப்பெண். ஊசிக்காரம்மா எதிரே நின்றாள். பேனா யோசித்தது, எழுதியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

"அந்த ஒண்ணு எங்க போச்சு அண்ணி?"

"முழுசாப் போட்டா தம்பி பொண்டாட்டின்னு போட்டேன்னு பேசுவாங்க." நாத்தனார் தாளை மடித்தார். "அது மட்டும் இல்ல. எல்லாரும் சொன்னதுக்கப்புறமாவது என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அந்தப் பதில் எனக்குத் தெரியும்."

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. உக்காந்து பொறுமையா சொல்லுங்க, கேக்குறேன்."

வாசலில் லிப்ட் மெக்கானிக் வேனோடு காத்திருந்தான். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அவனுக்கு எந்தப் பக்கம் பயப்படுவது என்று புரியவில்லை. "என்னாச்சு, பாஸா?" என்று பொதுவாகக் கேட்டான்.

அவர்கள் அவனைக் கவனிக்கவில்லை. சான்றிதழ் வந்ததும் எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், எந்தத் தலைமையாசிரியரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பேசிக்கொண்டே, ஒரே வாசல் வழியாக, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் மனைவி மட்டும் திரும்பி, "மூட்டைய அவுத்து மணலத் தோட்டத்துல கொட்டிட்டு வாங்க" என்று கத்தினாள்.

உடற்பயிற்சி ஆசிரியர் அன்று அரை நாள் விடுப்பில் போயிருந்தார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.