படையல் மேடைக்கு ஓர் உடை

சிநேகிதி துயெட் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் படையலுக்குப் போன லோவான், அன்றுதான் படையல் மேடையில் இருந்த அந்தப் படத்தை நின்று பார்த்தாள். அடக்கத்தன்று கூட்டமும் கண்ணீரும் அதை மறைத்திருந்தன. இன்று மறைக்க எதுவும் இல்லை. ஊதுவத்திப் புகைக்குப் பின்னால், வாழைப்பழச் சீப்புக்கும் ஒட்டரிசிச் சோற்றுக்கும் மேலே, துயெட்டின் முகம் இருந்தது. முகத்துக்குக் கீழே இருந்த உடம்பு துயெட்டுடையது இல்லை.

பழுப்புப் பட்டில் அங்கி. மார்பில் தங்க இழையால் வட்ட வட்டமாக நெடுவாழ்வைக் குறிக்கும் சீன எழுத்து. கழுத்தில் மூன்று சரம் முத்து. துயெட்டுக்கு முத்து பிடிக்காது. பழுப்பு அதைவிடப் பிடிக்காது. "அந்தக் கலர்ல நான் அவிச்ச சேப்பங்கிழங்கு மாதிரி இருப்பேன்டி" என்பாள். அறுபத்தைந்து வயதில் பீட்ரூட் சிவப்பில் அங்கி தைத்துக்கொண்டு, மேலே சாம்பல் நிறச் சால்வையைப் போட்டு அந்தச் சிவப்பை அடக்கத் தெரிந்தவள் அவள்.

லோவானின் கண் படத்தின் இடது தோளில் நின்றது. துணியில் வாத்துக்கால் போல மூன்றாகப் பிரிந்த ஒரு மடிப்பு. இதை எங்கோ பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரம் யோசித்த பிறகு பிடிபட்டது. கீழ்ச்சந்தில் போன வருடம் தவறிப்போன கணக்கு டீச்சர் வீட்டில். அதே மடிப்பு, அதே முத்து, அதே பழுப்பு. தலை மட்டும் வேறு.

துயெட்டின் மகள் ஹான் பக்கத்தில் வந்து நின்றாள். "படம் நல்லா அமைஞ்சிருக்குல்ல பெரியம்மா? கடைசியா எடுத்ததுல அம்மா ஆஸ்பத்திரி கவுன்ல இருந்தாங்க. மூஞ்சிய மட்டும் எடுத்து ஸ்டுடியோக்காரரே மத்ததெல்லாம் வெச்சுக் குடுத்துட்டாரு. மகாராணி மாதிரி இருக்காங்க."

"ம்" என்றாள் லோவான். அந்தப் பெண்ணின் கண்கள் இன்னும் வீங்கியிருந்தன.

மேட்டுச்சாலையில் பைன் மரங்களின் கீழே நடந்து திரும்பும்போது தூறல் போட்டது. லோவானுக்கு அறுபத்தெட்டு வயது. மலையூரான தலாத்தின் தபால் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இடுப்புக்கு மேல்தான் ஊருக்குத் தெரியும் என்பதால், கழுத்தும் காலரும் தோளும் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த வேலைதான் கற்றுக்கொடுத்தது. வேலையை விட்ட பிறகும் அவள் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் முன்னால் அலமாரியைத் திறந்து உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு துணியையும் மேலே வைத்துப் பார்த்து, இது இன்னும் என்னுடையதுதானா என்று கேட்பாள். உடம்பு தெரியும் மெல்லிய துணிகளை ஐம்பதில் விட்டாள். அறுபதில் குதிகால் செருப்பு போயிற்று. தலை வெளுத்தபோது கறுப்பு நிறத்தை விட்டாள். வெள்ளை முடிக்குக் கீழே கறுப்பு உடுத்தினால் முகம் காகிதம் போலத் தெரிந்தது. அதற்குப் பதில் சாம்பல்நீலம் வந்தது. கை மெலிந்தபோது தானாக விழுந்து நிற்கிற கனத்த துணி வந்தது. யாரும் சொல்லி எதையும் விட்டதில்லை. வயதுக்குப் பணிந்தும் விடவில்லை. அதோடு பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வருவது போலத்தான் விட்டாள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து உடுத்திய பிறகு, கடைசியில் யாரோ ஒருவனின் கம்ப்யூட்டரில் கிடக்கிற பழுப்பு உடம்பின் மேல் தன் தலை போய் உட்காரும். பேரப்பிள்ளைகள் கும்பிடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கும்பிடுவார்கள். அவர்களுக்குத் தெரியப்போகிற லோவான் அவள்தான். இதை நினைத்தபோது தூறலைவிடக் குளிராக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். "படம் எடுத்து வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. மகன் காங் சூப்பை ஊற்றிக்கொண்டே தலையாட்டினான். "எடுங்கம்மா. முன்னாடியே எடுத்து வெச்சா ஆயுசு கூடும்னு சொல்வாங்க. ஹியெப் கடைக்குப் போங்க, அவனே எல்லாத்தையும் பாத்துக்குவான்."

"என் துணியில எடுத்துக்கறேன்."

"எதுக்கு? அவன்கிட்டயே ரெடியா இருக்குமே. பழுப்பு எடுத்துக்குங்க. எல்லார் வீட்லயும் அதான். மரியாதையா இருக்கும்."

மருமகள் தாவோ சிரித்தாள். "மேல போனதும் எல்லாப் பாட்டிங்களும் வரிசையா பழுப்புல நிப்பாங்க. ஏதோ ஸ்கூல் யூனிபாரம்னு நெனச்சுக்குவாங்க அங்க."

"நீ சும்மா இரு. அம்மா, அது பேஷன் ஷோ இல்ல. கும்பிடற எடம்."

"தெரியும்டா" என்றாள் லோவான்.

ஆனால் மறுநாள் துணிகளைக் கட்டிலில் பரப்பியபோது அவளுக்கே விளங்காமல் போயிற்று. எந்த வயதுக்கு உடுத்துவது? வீட்டுப் படையல் மேடையில் ஏற்கெனவே அவள் கணவன் படமாக இருக்கிறான். நாற்பத்தாறு வயதில் எடுத்த அடையாள அட்டைப் படம். சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கும். அவன் பக்கத்தில்தான் அவள் படம் நிற்கப் போகிறது. அங்கே போன பிறகு அவளுக்கு வயது ஏறாது, பார்க்கிறவர்களுக்கு ஏறும். ஒருநாள் காங் இந்தப் படத்தைவிடக் கிழவனாக நின்று ஊதுவத்தி கொளுத்துவான். அறுபத்தெட்டுக்கு எது பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். வயதே இல்லாத இடத்துக்கு எது பொருந்தும் என்பதை அலமாரி சொல்லவில்லை.

தாவோ கதவோரம் சாய்ந்து நின்றாள். "இளமையா வேணும்னா ஹியெப் இருபது வருஷத்த அழிச்சிடுவாரும்மா. எங்க மாமாவுக்கு அப்படித்தான் பண்ணிக் குடுத்தாரு. இப்ப அத்தைக்கே அது யாருன்னு தெரியல."

"வேண்டாம்."

"அப்ப இந்தப் பாசிப்பச்சை வெல்வெட்." தாவோ அதை எடுத்து மாமியாரின் தோளில் வைத்துப் பார்த்தாள். "எங்க கல்யாணத்துக்குப் போட்டது. எங்கம்மா என்னைத் தனியா கூப்புட்டு, 'உன் மாமியா உன்னவிட ஜோரா வந்திருக்கா, உஷாரா இருந்துக்கோ'ன்னாங்க."

லோவானுக்குச் சிரிப்பு வந்தது. "உஷாரா இருந்தியா?"

"எங்க? பத்து நாள்ல உங்க ஸ்வெட்டரக் கடன் கேட்டு வந்துட்டேனே."

வெல்வெட் அங்கியில்தான் போனாள். ஹியெப்பின் ஸ்டுடியோ சந்தைப் படிக்கட்டுக்குப் பின்னால். அவனுக்கு ஐம்பது இருக்கும். குளிருக்குக் காதுவரை தொப்பி. கம்ப்யூட்டர் திரையில் தலையில்லாத உடம்புகள் வரிசையாக நின்றன.

"முகத்த மட்டும் குடுங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன். முத்து வேணுமா, மரகதம் வேணுமா?"

"நான் போட்டிருக்கிறதே போதும் தம்பி."

"அதுசரி. உங்கள மாதிரி நாலு பேர் வந்தா என் பொழப்பு போச்சு" என்றபடி விளக்கைத் திருப்பினான். "கொஞ்சம் சிரிங்க. ரொம்ப வேண்டாம். கும்பிடறவங்க பயந்துடுவாங்க."

படம் திரையில் வந்தது. நன்றாகவே இருந்தது. வெல்வெட் ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டு, முகத்தைத் துலக்கியது. காலர் சரியாக நின்றது. ஹியெப் தனக்குள் தலையாட்டிக்கொண்டான். லோவான் வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் குறையில்லை. ஆனாலும் படத்தில் இருந்தவள் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள். கார் வெளியே நிற்கிறது. அவளிடம் யாரும் எதையும் நின்று சொல்ல முடியாது.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு. நாளைக்கு வரேன்."

ஹியெப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் காலை அவள் ஆர்ட்டிசோக் என்னும் கூனைப்பூவில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கை கழுவிவிட்டு நடந்தாள். கதவுக்கு இரண்டடி முன்னால் கை தானாகப் போய் ஸ்வெட்டரின் மேல்பொத்தானைப் போட்டது. சட்டைக் காலரை வெளியே எடுத்து விட்டது. காதோரத்து முடியை ஒதுக்கியது. கதவருகே மாட்டியிருந்த சிறிய கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறாள் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. வருகிறவர் யாரென்று தெரியாமலே, யாராக இருந்தாலும் அவருக்காக.

வெளியே பக்கத்து வீட்டுக்காரி வெங்காயத்தாள் கேட்டு நின்றாள். கொடுத்தனுப்பிவிட்டு, அணைந்த அடுப்பின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள் லோவான். மேடையில் இருக்கிறவர்கள் எங்கேயும் போவதில்லை. கும்பிடுகிறவர்கள்தான் பரீட்சை என்று வருவார்கள், வயிற்றுவலி என்று வருவார்கள், கல்யாணம் முடிவாயிற்று என்று வருவார்கள். அவர்களுக்குக் கதவு திறக்கிற உடையைத்தான் உடுத்த வேண்டும். அது விசேஷத்துக்குப் போகிற உடையாக இருக்க முடியாது. படுத்து எழுந்த உடையாகவும் இருக்கக் கூடாது.

அப்படியே எழுந்து குடையை எடுத்தாள். சாம்பல்நீலச் சட்டை, அதன் மேல் நாவல்பழ நிறத்தில் பொத்தான் ஸ்வெட்டர், காதில் சிறிய பச்சைக்கல். அவ்வளவுதான்.

ஹியெப் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஸ்வெட்டரோடயா? மேல குளிராதுக்கா."

"போய்ட்டு வந்தவங்க யாராவது சொன்னாங்களா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து அவள் முகத்தில் ஏதோ ஓர் அசைவு வந்தபோது படத்தை எடுத்துவிட்டான்.

சட்டம் போட்டு, சிவப்புத் துணியில் சுற்றி, அடுத்த வாரம் அனுப்பினான். சாயங்காலம் காங் வேலையிலிருந்து வந்து பிரித்தான். தாவோ எட்டிப் பார்த்து, "அட" என்றாள். அவன் படத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சோயாப்பால் விற்கிறவளின் மணி தெருமுனைவரை போய்த் தேய்ந்தது.

"நான் சொன்ன மாதிரி பழுப்புலயே எடுத்திருக்கலாம்" என்றான் கடைசியில்.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." அவன் நிமிரவில்லை. "பழுப்புன்னா அது யாரோ ஒரு பாட்டி. விழுந்து கும்பிட்டுட்டுப் போயிடலாம். இது நீங்க. ஏன்டா இவ்ளோ லேட்டுன்னு கேக்கப் போற மாதிரி இருக்கு. இத வெச்சுட்டு நான் எப்படி..."

துயெட்டின் மகள் வீங்கிய கண்ணோடு அந்தப் பழுப்பை ஏன் அழகென்று சொன்னாள் என்பது லோவானுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முத்தும் தங்க இழையும் உயிரோடு இருக்கிறவர்களுக்காகத்தான். யாரோ ஒருத்தி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போக ஒரு வழி. அதை மகனிடமிருந்து பிடுங்கிவிட்டோமோ என்று ஒருகணம் பயந்தாள். ஹியெப்பிடம் சொன்னால் அரை மணியில் பழுப்பு உடம்பு வந்துவிடும். சொல்ல வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள். "உங்கப்பா காலர் தூக்கிட்டு நிக்கறத வருஷக்கணக்கா பாக்கறேன். இன்னும் கை போவுது நீவி விட. ஆனா அதனாலதான்டா அவர்கூடப் பேச முடியுது."

காங் மேடையைப் பார்த்தான். தந்தையின் காலரை அவன் இதுவரை கவனித்திருக்கவில்லை போலிருந்தது.

தாவோ விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில் அவன் படத்தை உயர்த்திப் பிடித்து, கண்ணாடியில் ஸ்வெட்டரின் கழுத்தோரம் ஒட்டியிருந்த ஏதோ துரும்பை விரலால் துடைத்தான். போகவில்லை. மறுபடி துடைத்தான். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இது கண்ணாடில இல்ல. ஸ்வெட்டர்ல இழை பிரிஞ்ச எடம், வேற நூல்ல தெச்சிருக்கு. ஹியெப்கிட்ட சொல்லியிருந்தா அழிச்சிருப்பானே?"

"கேட்டான். வேண்டாம்னுட்டேன்" என்றாள் லோவான். "நான் தெச்சது. நல்லாத்தானே தெச்சிருக்கேன்."

காங் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். பிறகு எழுந்து, சிவப்புத் துணியை மேசையில் விரித்து, சுருக்கம் விழாமல் படத்தைச் சுற்றத் தொடங்கினான்.