வேலை தேடாதவள்

"அந்தச் சாக்க எடுத்து உள்ள தள்ளு. வெரசா!"

மாமனார் ஆறுமுகசாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார். சாரதாமணி மடியில் கிடந்த பனியன் துண்டுகளை வாரிச் சாக்கில் திணித்தாள். கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுகள் அவை. நூல் நூலாகப் பிரித்துக் கொடுத்தால் எந்திரம் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். ஏழு மாதமாக அந்த வீட்டில் உலை வைப்பது அதில்தான். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். அவள் சாக்கை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் மறைந்தாள்.

தன் மகள் பழனாயியைப் பெண் கேட்டிருந்த உடுமலைப்பேட்டைக்காரர்கள் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று பெரியவர் நினைத்துவிட்டார். வந்தவர் கன்னையன், ஒன்றிய அலுவலகத்து எழுத்தர். வேலையில்லாதவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்த பிறகும் ஆறுமுகசாமிக்குப் பயம் தெளியவில்லை. இவரிடம் சொல்வது டீக்கடை வழியாக உடுமலைக்குப் போய்ச் சேராது என்று என்ன நிச்சயம்?

"மகன் என்ன பண்றாருங்க?"

"கம்பெனியில மெஷின் ஓட்டறானுங்க. காலையில போனா பொழுது எறங்கித்தான் வருவான்."

போவதும் வருவதும் உண்மை. அந்த வருஷம், எழுபத்து மூன்றில், கரண்ட் வெட்டு வந்ததும் கம்பெனியில் பாதி மெஷினை நிறுத்திவிட்டார்கள். வேலை போனவர்களில் அவர் மகன் குமாரவேலும் ஒருவன். இருந்தாலும் தினமும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்புவான். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புவான். தங்கை கல்யாணம் முடிகிறவரை தெருவுக்குத் தெரியக்கூடாது.

"மருமக?"

"சும்மா ஊட்டுலதானுங்க இருக்கறா."

"வேலை கெடச்சாப் போவாங்களா? எங்கயாச்சும் தேடறாங்களா?"

"என்னங்க கேக்கறீங்க! எங்க ஊட்டுப் பொம்பளைக வேலை தேடித் தெருத்தெருவாப் போவாங்களா?"

சாரதாமணி தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். போன வாரம்தான் முருகன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மூன்று கம்பெனி வாசலில் நின்று வேலை கேட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சைக் கன்னையன் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க எதாச்சும் வேலை செய்யறீங்களா?"

கதவிடுக்கில் பழனாயியின் முகம் தெரிந்தது.

"இல்லீங்க" என்றாள் சாரதாமணி.

கன்னையன் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் குமாரவேல் விஷயத்தைக் கேட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தான். "தெனமும் போறேன்னு எழுதியாச்சா? செவ்வாக்கெழமை ஒரு மணி நேரம் லாரியில மூட்டை எறக்குனேன். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாங்க. இந்த வாரத்துக்கு அதுதான் என்னோட வேலை." அதற்கு மேல் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு பேச்சு அடிபட்டது. பெண்களுக்கென்று ஒன்றியத்தில் தையல் கூடம் வைக்கப் போகிறார்களாம். வேலை தேடும் பெண்கள் அதிகமாக இருக்கிற இடத்தில் வைப்பார்களாம். சாரதாமணி யாரிடமும் சொல்லாமல் ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தாள். கன்னையன் அவளை அடையாளம் கண்டு, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க தெருவுல நாப்பத்திரண்டு ஊடு. வேலை தேடற பொம்பளைன்னு ஒருத்தருமில்லீங்க."

"ஒருத்தருமா?"

"எல்லா ஊட்டுலயும் உங்க மாமனாரு சொன்னதையேதான் சொன்னாங்க. வேலை இல்லாம இருந்தாப் பத்தாதுங்கம்மா. வேணும்னு தேடவும் செய்யணும். அப்பத்தான் வேலையில்லாதவங்க. தேடாதவங்க இந்தக் கணக்குலயே வரமாட்டாங்க."

சாரதாமணி உண்மையைச் சொன்னாள். வேஸ்ட்டுத் துணி பிரிப்பதையும் கம்பெனி வாசலில் நின்றதையும் சொன்னாள்.

"துணி பிரிக்கறதச் சொல்லியிருந்தா வேலையில இருக்கறவங்கன்னு எழுதியிருப்பேனுங்க. அப்பவும் நீங்க வேலையில்லாதவங்க ஆயிருக்க மாட்டீங்க."

"செரி, எங்க ஊட்டுக்காரரு? அவருக்கு வேலை போயி மாசக்கணக்காச்சு. நீங்க வந்த வாரம் ஒரு மணி நேரம் மூட்டை எறக்குனாரு. அவ்வளவுதான்."

கன்னையன் சங்கடத்தோடு படிவத்தின் அடியில் இருந்த விதியைத் தொட்டுக் காட்டினார். "அந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாலே போதுமுங்க. வேலையில இருக்கறவருன்னுதான் எழுதணும்."

அவள் அந்த விதியை மறுபடியும் படித்தாள். சாக்கை ஒளித்ததும், வெளுத்த சட்டையும், மாமனாரின் பொய்யும் ஒன்றுமே தேவைப்பட்டிருக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் வேலையில்லாதவர் யாரும் இல்லை.

மறுநாள், தானே கணக்கெடுக்கப் பழனாயியின் பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்தாள். முதல் கேள்வியைத் தன் வீட்டிலேயே, மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"பழனாயி, வேலை கெடச்சாப் போவியா?"

"ஒறம்பரை சனம் வந்து போற ஊட்டுல என்ன பேச்சு இது!" என்று ஆறுமுகசாமி எச்சில் கையோடு எழுந்தார்.

பழனாயி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அண்ணன் மனைவியைப் பார்த்தாள். "போவேன் நங்கை. எழுதிக்குங்க."

நான்கு நாள் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சில வீடுகளில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். சுப்பாத்தாள் என்பவள் புருஷன் குளிக்கப் போகிறவரை காத்திருந்து, பெயரை மட்டும் மெல்லச் சொன்னாள். முப்பத்தியொரு பெயர் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் உடுமலையிலிருந்து சேதி வந்தது. வேலைக்குப் போகப் பேர் கொடுத்த பெண் தங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராதாம். ஆறுமுகசாமி மருமகள் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்திக்கொண்டார். பழனாயி ஒரு பொழுது முழுக்க அழுதாள். பெயரை அடித்துவிடச் சொல்லவில்லை.

சாரதாமணி நோட்டைக் கன்னையன் முன்னால் வைத்தாள்.

"இத நான் எப்படீங்க வாங்கறது? அரசாங்கம் எடுத்தாத்தான் கணக்கு. அடுத்தது அஞ்சு வருசம் கழிச்சுத்தான். தையல் கூடமும் வேற ஊருக்குன்னு முடிவாயிருச்சுங்க."

"செரிங்க. அப்ப இந்த முப்பத்தியொரு பேரும் இல்லைன்னு உங்க கையால எழுதிக் குடுங்க."

கன்னையன் பேனாவைத் திறந்தார். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பேனாவை மூடினார்.

"அதெப்படிம்மா எழுதறது..." என்று இழுத்தார். "ஊட்டுக்குப் போங்க. சோலி கெடக்குமல்ல."

சாரதாமணி சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. எனக்குச் சோலியே இல்லைன்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க."