அக்கா மகனின் சீழ்

அக்கா மகன் குண்டுவுக்கு முழங்காலில் ஒரு கட்டி. நன்றாகப் பழுத்து, நடுவில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. "சீ, கருமம்!" என்று முகத்தைச் சுளித்தபடி அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சீழுக்குத்தான். அடுத்தவள் பிள்ளையின் சீழைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் உண்டா? இதோ, நான் இருக்கிறேன்.

என் மகன் சுண்டுவுக்குச் சீழே வைக்காது. ஈறில் புண், காதோரம் புண். சிவக்கும், கறுக்கும், ஆறவே ஆறாது. சீழ் இல்லாதது நல்லதுதானே என்று நானும் மண்டுபோல நினைத்திருந்தேன். டாக்டரம்மாதான் விளக்கினார்.

"வெள்ளை அணு தேவைக்கு மேலயே இருக்கும்மா. ஆனா அதுக்கு வெளிப்பக்கம் இருக்கவேண்டிய ஒரு புரதம் இல்ல. அது இருந்தாதான் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிச்சு நின்னு, வெளிய வந்து கிருமியோட சண்டை போடும். இப்போ நிக்காத பஸ் மாதிரி புண்ணைத் தாண்டிப் போயிட்டே இருக்கு. சண்டை போட்டுச் செத்த அணுதான் சீழ். எலும்பு மஜ்ஜை மாத்தணும். இல்லன்னா அடுத்த காய்ச்சலைத் தாங்குவானான்னு சொல்ல முடியாது."

அக்காவும் நானும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். நிறம் அவளுக்கு, மாமியாரின் செல்லம் அவளுக்கு. யாருடைய மஜ்ஜை சுண்டுவுக்குப் பொருந்தும் என்று வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெற்றவள் எனக்குப் பாதிதான் பொருந்தியது. முழுசாகப் பொருந்தியது குண்டுவுக்கு! கடவுளே, இதிலுமா அவள் கை ஓங்க வேண்டும்?

"என்னடி, புள்ளைக்கு வழி பொறந்திருக்கு, நீ இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

மஜ்ஜை எடுக்கும் அன்று குண்டு ஊசிக்குப் பயந்து ஊரையே கூட்டினான். அதைச் சுண்டுவுக்கு ஏற்றிய பிறகு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்குள் அவனும் நானும். அவனுக்குள் அக்கா மகனின் அணுக்கள் வேர்பிடிக்கின்றனவா என்று தெரியாமல் நான் சோறு இறங்காமல் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து ஓடியாட ஆரம்பித்ததும் சுண்டு வாசற்படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். விடிந்தால் அதைத்தான் பார்ப்பேன். ஒரு காலை, நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி.

"அக்கா! ஓடி வா! சீழ்!"

கரண்டியோடு ஓடிவந்து குனிந்து பார்த்தாள். "அச்சு அசல் என் புள்ளையோட சீழ்டி!" என்று சிரித்தாள். அப்போதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. அவள் பஞ்சை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"தொடைக்காதக்கா. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."