காலைப் பக்கம்

எங்கள் எஸ்டேட்டில் சைரன் கிடையாது. கெட்டுப்போன சைரனுக்குப் பதிலாக ஓர் இசைத்தட்டை ஒலிபெருக்கியில் போடச் சொல்லிவிட்டு வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். யாரோ இங்கிலாந்துக்காரர் இயற்றிய ‘பூங்காவில் ஒரு நாள்’. பாட்டு இல்லை, வயலின் கூட்டம்தான். தட்டின் முன்பக்கம் துள்ளி ஓடும். அதைக் கேட்டுப் பெண்கள் மலையேற வேண்டும். பின்பக்கம் சோம்பலாக ஆடும்; அதைக் கேட்டுக் கூடையோடு இறங்க வேண்டும். நான் பி.ஏ. படித்ததே அந்த முன்பக்கத்துக்கு மலையேறாமல் இருக்கத்தான். படித்துவிட்டு அதே எஸ்டேட்டில் தற்காலிக டைப்பிஸ்ட் ஆனேன். நிரந்தரமாவது மேனேஜர் கையெழுத்தில் இருந்தது.

லண்டனிலிருந்து தேயிலை வாங்குபவர் வந்தார். பங்களாப் புல்வெளியில் மதிய விருந்து. அவரை மகிழ்விக்க, குன்னூர் பேண்டு மாஸ்டர் சில்வஸ்டரிடம் சொல்லி ‘பூங்காவில் ஒரு நாள்’ வாசிக்க வைத்தார் மேனேஜர். சில்வஸ்டர் பழகியிருந்தது பின்பக்கம் மட்டும். காலையில் தூங்கி, மாலையில் கிளப்புக்குப் போகும் மேனேஜருக்கு எந்தப் பக்கமும் தெரியாது.

வயலின் இழுத்ததும் மலைச்சரிவு அசைந்தது. எல்லாப் பெண்களும் கூடையோடு புல்வெளி ஓரமாக எடைக்கொட்டகையைப் பார்த்து இறங்கினார்கள்.

“ஆறுச்சாமி, என்னய்யா இது?” என்று மேனேஜர் கங்காணியைப் பிடித்தார்.

“எறங்கற பாட்டு போட்டுட்டீங்களேங்க.”

“மணி ரெண்டுதான்யா ஆகுது! மேல அனுப்பு!”

“ஏத்தறது மறுபக்கமுங்க. அதக் கேட்டாத்தான் ஏறுவாங்க.”

தினமும் தட்டுப் போடும் வேலன், அந்த அறைச் சாவியோடு கூடலூர் கல்யாணத்துக்குப் போயிருந்தான். சில்வஸ்டர், “அது பழகலீங்க சார்” என்று கையை விரித்தார்.

“நம்ம டைப்பிஸ்ட் புள்ள கனகமணிக்குத் தெரியுமுங்க,” என்றார் ஆறுச்சாமி, கேட்காமலே.

குறிப்பெடுக்க நின்றிருந்த என்னிடம் மேனேஜர் திரும்பினார். “பாடும்மா. உன் ஆர்டர் என் மேஜைலதான் இருக்கு.”

தெரியும். என்னைப் பிள்ளைக் காப்பகத்தில் இறக்கிவிட்டு அம்மா மலைக்கு ஓடிய ராகம் அது.

“தெரியும் சார். பாட மாட்டேன்.”

அவர் முகம் சுண்டிய நேரத்தில் லண்டன்காரர் எழுந்தார். சின்ன வயதில் ஆடிய இசையாம், முன்பக்கத்தை விசிலடித்தார். பாதியில் வழுக்கினார். மறுபடி அடித்தார், அதே இடத்தில் வழுக்கினார். கூடையோடு நின்ற என் அம்மா மரகதத்துக்கு உதடு துடித்தது. ஓடிப்போய் வாயைப் பொத்தினேன்.

“கைய எடு புள்ள! அந்த ஆளு தப்பா ஊதறான்.”

“நீ சரியா பாடுனீன்னா எல்லாரும் மலை ஏறோணும்.”

அம்மா வாயை மூடிக்கொண்டாள். லண்டன்காரர் சலித்துப்போய்ப் பின்பக்கத்துக்குத் தாவினார். பேண்டு குஷியாகச் சேர்ந்துகொண்டது.

“ரெண்டாந்தரமும் போட்டாச்சுங்க,” என்று ஆறுச்சாமி கும்பிட்டார். “இனிப் பேச்சே இல்லீங்க.”

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா, “உன்ற வேலை போச்சேடி,” என்றாள்.

“போகட்டும். பொழுதிருக்க ஊட்டுக்குப் போறமில்ல?”

அப்புறம் பொறுக்க முடியாமல், லண்டன்காரர் வழுக்கிய இடத்தைச் சரியாகப் பாடிக் காட்டினாள்.

முன்னால் போன பெண்கள் அத்தனை பேரும் நின்று, மலையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

“சும்மாங்கக்கா!” என்று கத்தினேன். “நடங்க, நடங்க!”