மூன்று மாத்திரைகளின் தரப் பரிசோதனை

மருத்துவ உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த மாபெரும் ஆய்வு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு டாக்டரின் மேஜைமேல் சமர்ப்பிக்கப்பட்டது. அப்படியொன்று நடந்துகொண்டிருந்தது டாக்டருக்கு மட்டும் தெரியாது.

ஆய்வாளர், பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. விரிசல் தேடித் தேடியே தலை நரைத்தவர். தூக்கமே வரவில்லை என்று அவர் போய் நின்றபோதெல்லாம் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். வெள்ளை, நீலம், மஞ்சள், வாரத்துக்கு ஒன்று. சும்மா விழுங்கிவிட்டுப் படுக்க இவர் என்ன சாதாரண நோயாளியா? கம்பெனிப் படிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். தூக்கமா விழிப்பா என்று குறிக்க, ராத்திரி முழுக்க அரைமணிக்கு ஒரு கட்டம். தூங்குகிறவர் தானே டிக் போட முடியாதே, அந்தப் பாக்கியம் மனைவிக்கு வாய்த்தது.

அவள் பஸ் ஓட்டுகிறவள். காலை ஆறு மணி வண்டி. சிக்னலில் ஒருமுறை கண்ணசந்ததற்கே, இனி இப்படி நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று டிப்போவில் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கும் தூக்கம் வேணுமேங்க" என்று முதல் நாளே கேட்டுப் பார்த்தாள்.

"மூணே வாரம்மா. விஞ்ஞானத்துக்காக."

டாக்டர் தாள்களைப் புரட்டினார்.

"வெள்ளைக்கு வாயெல்லாம் கசப்பு. நீலத்துக்கு மதியம் வரைக்கும் தலை கனம். மஞ்சளுக்கு நாக்கு வறட்சி" என்று அதிகாரி விளக்கினார். "மூணுமே தேறல டாக்டர். பொட்டுத் தூக்கம் இல்ல."

"இதுல தினமும் ஏழு மணி நேரம் தூங்கினதா இருக்கே?"

"குறட்டை அடுத்த பக்கத்துல இருக்கு டாக்டர்" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இவ குறிச்சதுல பிழை இருக்கும். உக்காந்தபடியே தூங்கி வழிவா."

அவளுக்குச் சுருக்கென்றது. "பிழையா? நீங்க புரண்டு படுத்ததைக்கூட விடாம எழுதியிருக்கேன். நேத்து நான் வண்டியை பஸ் ஸ்டாப் கம்பத்துல இடிச்சதுக்குத்தான் உங்க படிவத்துல கட்டம் இல்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாருக்காவது அடியா?" என்றார் டாக்டர்.

"இல்ல. வண்டி காலி. டிப்போவுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சேம்மா. ஒரு மாசம் வண்டியைத் தொடக் கூடாதுன்னு எழுதித்தான் ஆகணும்."

"ஒரே ஒரு ராத்திரி தூங்கினா சரியாயிடும் டாக்டர்..."

டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். அதிகாரி தாள்களை ஓரம் தட்டி அடுக்கினார்.

"அப்போ நாலாவது மாத்திரை என்ன கலர் டாக்டர்?"

மறுநாள் காலை ஆறு மணி வண்டியை வேறொருவர் ஓட்டினார்.