வாய் திறக்காத ஞாயிறு

தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவளுக்கு வாரத்தில் ஆறு நாள் வாய்தான் வேலை. ஒரு நாளைக்கு நூற்றுப் பத்துப் பேராவது கூப்பிடுவார்கள். குழாயில் காற்று வருகிறது, காற்றுகூட வரவில்லை, பக்கத்து வீட்டில் மட்டும் வருகிறது. எல்லோருக்கும் அவள் ஒரே குரலில், "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேங்க, லைன்ல இருங்க" என்பாள். தூக்கத்திலும் அதையே சொல்வதாகக் கணவன் ஒருமுறை குறைபட்டுக்கொண்டான். அந்தக் குறையையும் அவள் தூக்கத்திலேயே பதிவு பண்ணிக்கொண்டாளாம்.

ஏழாவது நாள் ஓய்வு. அதாவது, அலுவலகத்துக்கு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் வீட்டு முன்னறையில் சுதந்திரச் சிந்தனை வட்டம் கூடும். செயலாளர் அவள் கணவன். தலைவர், வடிவியல் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார். வட்டத்துக்குத் தலைவர் என்பதால் அவருக்குக் 'காம்பஸ்' என்று பெயர் விழுந்திருந்தது. மொத்தம் ஏழு பேர். மதத்தின் பிடியிலிருந்து மனிதனை விடுவிப்பது எப்படி என்று நான்கு வருடமாக விவாதித்து வந்தார்கள். மனிதன் விடுபடும்வரை அவர்களுக்கு இரண்டு சுற்றுத் தேநீர் தேவைப்பட்டது. ஒருவருக்குச் சர்க்கரை கூடாது, ஒருவருக்குப் பால் கூடாது, காம்பஸுக்கு டம்ளர் கூடாது, கோப்பைதான். பெண் விடுதலை பற்றிப் பேசும் வாரங்களில் மூன்று சுற்று.

அவளிடம் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. பழைய புத்தகக் கடையில் எடுத்தது, அறுநூறு பக்கம். அதில் ஒருவன் பனியில் நடந்துகொண்டே இருந்தான். மூன்று பக்கம் நடந்தும் ஒருவர்கூட அவனிடம் தேநீர் கேட்கவில்லை. இப்படியும் ஒரு தேசம் இருக்கிறதே என்று அவளுக்குப் பெருமூச்சு வந்தது. வேலை நாட்களில் அரைப் பக்கத்தில் கண் சொக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு விடாது. எட்டு மாதத்தில் நாற்பதாம் பக்கத்தை எட்டியிருந்தாள். பனிக்காரன் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

அப்போதுதான் ஒரு ஞாயிறு அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, மௌன விரதமா?" என்று கேட்டார். மாமியார் பிரார்த்தனைப் புத்தகமும் கையுமாக இருப்பவர். தொண்டைக் கட்டைச் சைகையில் விளக்குவதைவிடத் தலையாட்டுவது எளிது. தலையாட்டினாள்.

அவ்வளவுதான். அன்று யாரும் அவளிடம் எதையும் எங்கே வைத்தாய் என்று கேட்கவில்லை. முப்பத்தொரு பக்கம் படித்தாள்.

அடுத்த வாரம் தொண்டை சரியாகிவிட்டது. விரதம் சரியாகவில்லை. பேசாமல் டீ போடலாமே என்று கணவன் கண்டுபிடித்தபோது, விரதத்தில் நெருப்பைத் தொடக்கூடாது என்ற விதி சேர்ந்தது. பேசாமல் கடைக்குப் போகலாமே என்றபோது, அறை வாசலைத் தாண்டக்கூடாது என்ற விதி பிறந்தது. தேவைக்கேற்ப வளரும் தெய்வ வாக்கு அது. தலையாட்டலும் கையசைப்புமாகவே அத்தனையும் வெளியாயிற்று. மாமியாரிடம் கேட்டு அவருடைய பழைய பிரார்த்தனைப் புத்தகத்தின் துணி உறையை வாங்கி நாவலுக்குப் போட்டாள். கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் போட வேண்டியிருந்தது. பக்தி கூடிப்போய்விட்டதால் பிதுங்குகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ளட்டும்.

முந்நூறாம் பக்கத்துக்கருகில் ஒரு நரைமுடி கிடந்தது. புத்தகத்தின் முந்தைய சொந்தக்காரருடையதாக இருக்கும் என்று ஊதித் தள்ளினாள்.

கணவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. செயலாளரின் வீட்டிலேயே விரதம் என்றால் வட்டத்தில் தலைகாட்ட முடியுமா? அதட்டவும் வழியில்லை. 'எவரையும் எதற்கும் கட்டாயப்படுத்தக் கூடாது' என்பது வட்டத்தின் மூன்றாம் விதி. எழுதியதே அவன்தான். வாதாடிப் பார்க்கலாம் என்றால் அவள் வாதாட முடியாத நாளில்தான் அந்தக் கேள்வியே எழுகிறது. மாமியார் தேநீர் போட்டார். எல்லோருக்கும் எல்லாம் போட்டு ஒரே மாதிரி போட்டார். சர்க்கரை கூடாதவர் இரண்டு வாரம் வரவில்லை.

பத்தாவது ஞாயிறு வினை வந்தது. அன்று வட்டத்தின் தலைப்பு 'மதமும் பெண்ணின் குரலும்'. உயிருள்ள உதாரணம் உள்ளறையிலேயே இருக்கிறது என்பதால் காம்பஸ் உற்சாகமாக இருந்தார். அதே நேரத்தில் வழிபாட்டு மன்றத்துப் பெரியவரும் வந்து சேர்ந்தார். மாமியார் மன்றத்தில் பெருமையடித்துக்கொண்டது அவர் காதுக்குப் போயிருந்தது.

உள்ளே அவள் ஐந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருந்தாள். பனிக்காரன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். யார் திறப்பார் என்று தெரிவதற்குள் முன்னறைச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

"விரதம் நல்ல விஷயம்தான்," என்றார் பெரியவர். "ஆனா யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க. அவளா எடுத்துக்கிட்டா," என்றான் கணவன்.

"தானா எடுத்துக்கிட்டா அது விரதமில்ல தம்பி, பிடிவாதம். பெரியவங்க யாராவது குடுக்கணும். குடுத்தா அதை மன்றத்துல வந்து இருக்கணும். காலையில ஆறிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். பாய் விரிக்கிறது, கூடத்தைப் பெருக்குறது எல்லாம் பேசாமலே செய்யலாம்."

"கவனிச்சீங்களா," என்றார் காம்பஸ் வட்டத்தைப் பார்த்து. "சொந்த இஷ்டம்னா அவருக்கு ஆகாது. இஷ்டமில்லேன்னா நமக்கு ஆகாது. நாம அந்த அம்மாவை விடுவிச்சிருவோம். வெளிய வரட்டும். நம்ம பெண்கள் பிரிவுக்குச் செயலாளரா போட்டுருவோம்."

"பெண்கள் பிரிவு இருக்கா சார்?"

"இனிமே இருக்கும். டீயெல்லாம் அந்தப் பிரிவே பார்த்துக்கும்."

கதவுக்குப் பின்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. தெய்வத்தின் பக்கம் தீர்ப்பானால் அவள் ஞாயிறு துடைப்பத்துக்கு. மனிதனின் பக்கம் தீர்ப்பானால் அடுப்புக்கு. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின: அவள் வெளியே வந்து பதில் சொல்ல வேண்டும்.

கணவன் கதவருகில் வந்தான். குரலில் தேன் ஒழுகிற்று. "ஒரே ஒரு வார்த்தைம்மா. உன் இஷ்டமா, இல்லையா? ஆமான்னு சொல்லு, இல்ல இல்லேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

ஒரே ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தவர் எவரும் ஒரு வார்த்தையில் போனை வைத்ததில்லை என்பது அவளுடைய ஆறு வருட அனுபவம். கைப்பையிலிருந்து அலுவலகச் சீட்டுக் கட்டை எடுத்தாள். ஒரு தாளில் எழுதிக் கதவின் அடியில் தள்ளினாள்.

கணவன் உரக்கப் படித்தான். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும். வரிசை எண் மூன்று."

"நமக்கு முன்னால ரெண்டு பேர் யாரு?" என்று கேட்டார் காம்பஸ், மனம் நொந்து.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "எழுத்தும் பேச்சுதான். மன்றத்து விதிப்படி விரதம் முறிஞ்சு போச்சு."

"அதுல எனக்கும் கருத்து வேறுபாடு இல்ல," என்றார் காம்பஸ். "எழுத்துச் சுதந்திரம் பேச்சுச் சுதந்திரத்துல அடக்கம்."

பகுத்தறிவும் பக்தியும் அந்த முன்னறையில் கை குலுக்கிக்கொண்டன. கணவன் நிம்மதியாகக் கதவைத் தட்டினான். "கேட்டுச்சா? ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. முடிஞ்சுது. வந்து டீயைப் போடு."

அவள் புத்தகத்தை மூடினாள். பேருந்துச் சீட்டை ஐந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் அடையாளம் வைத்தாள். இனி அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் போனால் அந்தக் கதவு திறக்க அடுத்த வருடம் ஆகும். எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அந்த விரதத்தைக் குடுத்ததே நான்தான்," என்றது மாமியாரின் குரல்.

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது.

"நீங்களாம்மா?" என்றார் பெரியவர்.

"பெரியவங்க குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா. இந்த வீட்டுல என்னைவிடப் பெரியவங்க யாரு? அவசரத்துக்குத் துண்டுச் சீட்டு எழுதலாம்னும் நான்தான் சொன்னேன்."

"அப்ப மன்றத்துக்கு அனுப்புங்க."

"வாசல் தாண்டக் கூடாதுன்னும் சொல்லிட்டேனே. குடுத்த வாக்கை மாத்தினா உங்களுக்கே பிடிக்காதே ஐயா."

கணவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப இது கட்டாயம்தான். பாருங்க சார், என் அம்மாவே அவளைக் கட்டாயப்படுத்தியிருக்காங்க."

"நான் குடுத்தேன், அவ ஆசையா வாங்கிக்கிட்டா. யாரையும் எதுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மூணாவது விதி இருக்குல்லடா? அப்ப என்னையும் டீ போடச் சொல்லாத. நாலு வருஷமா அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்கும் மனப்பாடம். இன்னையிலேர்ந்து எனக்கும் விரதம்."

"எத்தனை வாரத்துக்கும்மா?"

பதில் இல்லை. விரதம் தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். மாமியார் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். கட்டிலில் உட்கார்ந்து கால்களை மேலே மடக்கி வைத்துக்கொண்டார். அவளுக்குக் கண் கலங்கிற்று. கும்பிடுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள். அதற்குள் மாமியார் துணி உறை போட்ட புத்தகத்தை மடியில் எடுத்து, பேருந்துச் சீட்டு இருந்த பக்கத்தைப் பழகிய கையால் திறந்தார்.

"இன்னும் இங்கதான் நிக்கிறியா?" என்றார் தாழ்ந்த குரலில். ஆச்சரியத்தைவிட அதில் ஏளனம்தான் அதிகம்.

அவள் வாயடைத்து நின்றாள். இம்முறை நிஜமாகவே.

"நீ வேலைக்குப் போனப்புறம் ஒரு நாள் பிரார்த்தனை பண்ணலாம்னு எடுத்தேன். தொறந்தா எவனோ பனியில நடந்துக்கிட்டு இருக்கான். சரி, எங்கதான் போறான்னு பார்ப்போம்னு கூடவே போனேன்." மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போன புதன்கிழமை முடிச்சேன். கதவைத் தொறக்கிறது யாருன்னு சொல்லவா? நீ நினைக்கிற ஆளு இல்ல. அவனோட..."

"ஐயோ அத்தை, சொல்லிடாதீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். செயலாளரின் தேனுக்கும் பெரியவரின் விதிக்கும் காம்பஸின் விடுதலைக்கும் முறியாத விரதம், கடைசி அத்தியாயத்துக்குப் பயந்து முறிந்துவிட்டது. அதுவும் நல்ல உரக்க.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார்கள்.

கதவு அசையவில்லை. முன்னறையில் பெண்ணின் குரல் என்ற பொருளில் விவாதம் அவ்வளவு சூடாக நடந்துகொண்டிருந்ததால், அது யார் காதிலும் விழவில்லை.